எழுத்து வருவாய்: ‘பொன்னியின் செல்வன்’ முதல் இணையம் வரை

எழுத்து வருவாய் என்பது, ஒருவர் எழுதி வெளியிட்ட ஆக்கம் முதன்முறை வெளிவந்த பிறகும் தொடர்ந்து ஈட்டித் தரும் பணம். ஒரு கட்டுரைக்கு ஒருமுறை கிடைக்கும் சன்மானம் வெறும் கூலியாக முடிந்துவிடும். அதே கட்டுரை நூலாகவும் ஒலிநூலாகவும் நாடகமாகவும் படமாகவும் மாறி ஆண்டுக்கணக்கில் வாசகரை ஈர்க்கும்போதுதான் வருவாய் நிலைபெறுகிறது. தமிழில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950-ல் வாரத் தொடராகத் தொடங்கிய அந்த நாவல் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை, பதிப்பகம், நாடகம், திரைப்படம், சுற்றுலா எனப் பல தொழில்களுக்குச் சோறு போட்டுவருகிறது. அதன் முக்கியக் களங்களில் ஒன்று கோடியக்கரை.

களம்

கோடியக்கரை நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில், காவிரிப் படுகையின் தென்கிழக்கு மூலையில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனையில் உள்ளது. சுந்தரர் தேவாரம் பாடிய குழகர் கோயில் இங்கு இருக்கிறது. காட்டுப் பகுதி 1967-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; வெளிமான்களும் பனிக்காலத்தில் வலசை வரும் பூநாரை, உள்ளான் கூட்டங்களும் இதன் சிறப்பு. 2002-ல் இது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சோழர் காலத்தது என்று வழங்கிவந்த பழைய கலங்கரை விளக்கம் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் இடிந்தது.

நாவலின் இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ இங்கேதான் தொடங்குகிறது. குழகர் கோயில், கலங்கரை விளக்கம், மனிதரை உள்ளிழுக்கும் சேற்றுப் பள்ளங்கள், இலங்கைக்குப் படகு செல்லும் கடல் ஆகிய நான்கையும் கல்கி கதையின் முடிச்சுகளாக்கினார். கலங்கரை விளக்கக் காவலரின் மகள் பூங்குழலி, கதைநாயகன் வந்தியத்தேவனைத் தன் படகில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டு சேர்க்கிறாள். மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899-ல் பிறந்த கல்கிக்குக் காவிரிப் படுகை சொந்த மண். இலங்கைப் பகுதிகளுக்காக அவர் அங்கும் பயணம் செய்தார். கதையைப் படித்தவர்கள் இன்றும் அந்தச் சேற்றுப் பள்ளங்களைத் தேடிக் கோடியக்கரைக்கு வருவதற்குக் காரணம், இடத்தை நேரில் அறிந்து எழுதிய உழைப்பு.

வாரப் பத்திரிகையும் வாசகரும்

கல்கி முதலில் திரு.வி.க.வின் ‘நவசக்தி’யிலும், பிறகு எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகட’னிலும் பணியாற்றினார். அவருடைய ‘தியாக பூமி’ 1939-ல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாகிக்கொண்டிருந்தபோதே, படக் காட்சிகளின் புகைப்படங்களுடன் விகடனில் தொடராக வந்தது. ஒரே கதை பத்திரிகையையும் படத்தையும் ஒருசேர விற்கும் என்பதை அந்த முயற்சி காட்டியது.

விகடனை விட்டு விலகிய கல்கி, டி. சதாசிவத்துடன் சேர்ந்து 1941 ஆகஸ்டில் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். முதலீட்டுக்காக, சதாசிவத்தின் மனைவியும் பாடகியுமான எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக, ஆண் வேடத்தில் நடித்தார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, ‘அலை ஓசை’ என ஒன்றன்பின் ஒன்றாக வந்த தொடர்கள் இதழைத் தாங்கின. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை மணியம் ஓவியங்களுடன் வெளிவந்தது. அக்காலத்தில் இதழின் விற்பனை 71,000 பிரதிகளைத் தாண்டியது.

வாரந்தோறும் வாசகர் காசு கொடுத்து இதழை வாங்கினார். அந்த விற்பனை எண்ணிக்கையை நம்பி விளம்பரதாரர் வந்தார். விளம்பரம் இரண்டாவது வருவாய், வாசகர் நம்பிக்கையே முதலாவது. தொடர் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து ‘பைண்டு’ செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் வீடுதோறும் இருந்தது. அந்தத் தொகுப்புகள் அடுத்த தலைமுறை வாசகரை உருவாக்கின. கல்கி 1954 டிசம்பர் 5-ல் மறைந்த பின்னும், வினு, பத்மவாசன் முதலிய ஓவியர்களின் புதிய படங்களுடன் அதே இதழ் நாவலைப் பலமுறை மீண்டும் தொடராக வெளியிட்டது. ‘கல்கி’ 2020-ல் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறியது; கதையோ அச்சில் விற்றுக்கொண்டே இருக்கிறது.

பதிப்புரிமை

நிலைத்த வருவாயின் சட்ட அடித்தளம் பதிப்புரிமை. இந்தியாவில் அது ஆசிரியரின் வாழ்நாளுக்கும், அவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து மேலும் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. நூல், மொழிபெயர்ப்பு, நாடகம், திரைப்படம், ஒலிநூல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விற்கத்தக்க உரிமை. ‘பொன்னியின் செல்வ’னைப் படமாக்கும் உரிமையை எம்.ஜி.ஆர். 1950-களின் இறுதியிலேயே பெற்றிருந்தார், படம் நிறைவேறவில்லை.

எழுத்தாளர் பலர் இழப்பது இங்கேதான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமலும், உரிமைத்தொகை விகிதம் குறிக்காமலும், ‘எல்லா உரிமையும்’ என்ற ஒரே வரியில் எதிர்காலம் முழுவதையும் எழுதிக்கொடுத்தும் ஏமாறுகிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஓரளவு காப்பளிக்கிறது: உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளாகவும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்திய எல்லையாகவும் கொள்ளப்படும்.

நாட்டுடைமை

தமிழகத்தில் பதிப்புரிமைக்கு இன்னொரு முடிவும் உண்டு. அரசு ஓர் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்கு ஒருமுறை பரிவுத்தொகை வழங்குகிறது. 1949-ல் பாரதியார் படைப்புகளில் தொடங்கிய இந்த வழக்கத்தின்படி, கல்கியின் நூல்கள் 1999-ல் நாட்டுடைமையாயின. இல்லையேல் குடும்பத்தின் உரிமை 2014 முடிவு வரை நீடித்திருக்கும்.

அதன் பின் பல பதிப்பகங்கள் மலிவுப் பதிப்பு முதல் கெட்டி அட்டைப் பதிப்பு வரை வெளியிட்டன. 1998-ல் தொடங்கிய தன்னார்வ மின்னூல் முயற்சியான மதுரைத் திட்டம் மின்னுரையை இலவசமாக வழங்கியது. மேஜிக் லாண்டர்ன் நாடகக் குழு 1999-ல் நாவலை மேடையேற்றியது. மணிரத்னத்தின் இரு பாகத் திரைப்படம் 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 ஆகிய நாள்களில் வெளிவந்தது. வந்தியத்தேவன் சென்ற வழியே வீராணம் ஏரி முதல் கோடியக்கரை வரை சுற்றுலாக்கள் நடக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் நூலையும் மக்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது இந்த வரலாற்றின் முக்கியப் பாடம். நல்ல அச்சு, ஓவியம், குரல், வழிகாட்டல் ஆகியவற்றுக்கு அவர்கள் பணம் தருகிறார்கள்.

இணைய வழிகள்

தமிழில் எழுதுவோருக்கு இன்று நான்கு வழிகள் திறந்துள்ளன.

விளம்பரம்: கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றது. யூடியூப், நீள்காணொளிகளின் விளம்பர வருவாயில் 55 விழுக்காட்டைப் படைப்பாளருக்குத் தருகிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக் குடும்பம் 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனலானது. வயல்வெளிச் சமையலும் சொந்த ஊர்ப் பேச்சும் அதன் மூலதனம். ஆனால் விளம்பர விகிதத்தையும் தேடல் விதியையும் நிறுவனமே மாற்றும். இவ்வழியை மட்டும் நம்புவது ஆபத்து.

மின்னூல்: அமேசான் கிண்டில் 2016 இறுதியில் தமிழ் நூல்களைச் சேர்த்தது. ஆசிரியர் தாமே வெளியிட்டு, விலையையும் நிபந்தனையையும் பொறுத்து 35 அல்லது 70 விழுக்காடு உரிமைத்தொகை பெறலாம்.

சந்தா: பெங்களூரில் 2014-ல் தொடங்கிய பிரதிலிபி தளம், தொடர்கதையை இணையத்தில் மீட்டது. அடுத்த அத்தியாயத்துக்காக வாசகர் பணம் செலுத்தும் முறை, பழைய வார இதழின் முறையே.

ஆதரவு விளம்பரமும் சேவையும்: நிறுவனங்களுக்காக எழுதுதல், பயிற்சி, வழிகாட்டிப் பயணம் ஆகியவை இதில் அடங்கும். பணம் பெற்ற பதிவை அவ்வாறே அடையாளப்படுத்த வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-ல் நெறிமுறை வகுத்தது. அதை மறைப்பவர் இழப்பது வாசகரை.

மதிப்பீடு

நிலைத்த வருவாய்க்கு மூன்று நிபந்தனைகள் தெளிவாகின்றன: தவறாத வெளியீடு, கைவிடாத உரிமை, ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய் வழி. இம்மூன்றுக்கும் அடியில் இருப்பது பிறரால் எளிதில் தர முடியாத உள்ளூர் அறிவு. வேதாரண்யம் உப்பளத்தின் வேலை முறை, மீன்பாடு, வலசைப் பருவம், குழகர் கோயில் வரலாறு பற்றிக் கோடியக்கரைக்காரர் எழுதும் நல்ல பதிவு ஆண்டுதோறும் புதிய வாசகரைப் பெறும். அடுத்த வாரமே மறக்கப்படும் பரபரப்புச் செய்திக்கு அந்த ஆயுள் கிடையாது.

எழுதப்படும் இடத்தைக் கெடுக்கும் வருவாய் நிலைக்காது. சரணாலயத்தில் கூடுகளின் இருப்பிடத்தை வெளியிடுவதும், படத்துக்காகப் பூநாரைகளை விரட்டுவதும் எழுத்தின் பொருளையே அழிப்பவை. தன் ஊரை எழுதிப் பிழைக்க விரும்புவோர் முதலில் ஊரைக் காக்கட்டும். அதை முழுதும் அறிந்து, தவறாமல் எழுதி, உரிமையைத் தம் கையிலேயே வைத்திருக்கட்டும்.