கூரை, வண்டி, கிணறு: கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் கோடைப் பழுதுகளின் கதை



வரலாறு என்றாலே நமக்கு ராஜா, போர், ஆண்டு, இவைதான் ஞாபகம் வரும். பரீட்சையிலும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் போன சித்திரையில் எங்கள் வீட்டு சிமெண்ட் ஷீட் அறையில் படுக்க முடியாமல் பாட்டி கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டார். "கூரை வூடா இருந்தப்ப இப்படியா வெந்துச்சு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், "ஆனா அதுதான் எரிஞ்சு போச்சே."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு வரலாறு இருப்பதாக எனக்குத் தோன்றியது. அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஊர். கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993-ல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019-ல் தனி மாவட்டமானது. மேற்கே கல்வராயன் மலை. கீழே நெல், கரும்பு, மரவள்ளி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள்.

பழுது பார்க்கிற வேலை எல்லாம் ஏன் சித்திரை, வைகாசியில் வந்தது? அந்த வெயிலில் யாராவது கூரை மேல் ஏறுவார்களா என்று நான் கேட்டிருக்கிறேன். பதில் ரொம்ப எளிது. அறுவடை முடிந்து ஆள் சும்மா இருப்பது அப்போதுதான். கூரையைப் பிரித்துப் போட்டால் மழை வந்து கெடுக்காமல் இருப்பதும் அப்போதுதான். ஏரி வற்றி மண் எடுக்க முடிவதும் அப்போதுதான். கரும்பு வெட்டு முடிந்தால் காய்ந்த தோகை கூரைக்குக் கிடைக்கும். தென்னை இருப்பவர்கள் மட்டையை நடுவில் பிளந்து, தண்ணீரில் ஊறவைத்துக் கீற்று முடைவார்கள். கீற்று இரண்டு மூன்று வருடம் தாங்கும். அதற்கு மேல் மக்கிவிடும். எனவே கூரை வீட்டுக்காரருக்கு மேய்ச்சல் என்பது முடிந்து போகிற வேலையே அல்ல. (கூரை மேய்வதைச் சொல்கிறேன், மாடு மேய்ப்பதை அல்ல :-) )

மலையில் மூங்கில் தப்பையில் மண் பூசிய சுவர், மேலே புல் கூரை. அங்கே வெயில் குறைவு, ஆனால் ஆள் கணக்கு வேறு. கல்வராயன் மலை வெகுகாலம் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று அந்தப் பட்டங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்தது 1976-ல்தான். "கோடையில் ஆள் சும்மா இருக்கும்" என்று மேலே எழுதினேனே, அது எல்லோருக்கும் பொருந்தாது. தன் கூரைக்கு முன்னால் அடுத்தவர் கூரையை மேய்ந்தவர்களும் உண்டு.

வசதியான வீடுகளில் நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் செய்கிற வளைந்த ஓடு. ஒன்றை நிமிர்த்தி, ஒன்றைக் கவிழ்த்து அடுக்குவார்கள். ஆணி கிடையாது. அதனால் பூனை ஓடினாலும், குரங்கு குதித்தாலும், ஆடிக்காற்று அடித்தாலும் நகர்ந்துவிடும். வருடா வருடம் கோடையில் ஓடு மாற்றுவார்கள். சருகைத் தள்ளி, உடைந்ததை எடுத்து, நல்லதை மறுபடி அடுக்குவது. மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த பிறகு, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் தட்டை ஓடு பரவியது. சீமை ஓடு என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அது அவ்வளவு சுலபமாக நகராது. ஆனால் உடைந்தால் உள்ளூர்க் குயவரால் செய்து தர முடியாது, கடையில்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது மெத்தை வீடு. இதில்தான் நம்ம மலை வருகிறது! மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிற பழைய மாடித்தளம் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போட்டது. அந்தச் சுண்ணாம்பில் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் கலப்பார்கள். கடுக்காய் கல்வராயன் மலையில் பொறுக்குகிற காய். வெல்லம் கீழே கரும்புக்காட்டு ஆலையில் காய்ச்சுவது. வெயிலில் தளம் வெடித்தால் அதே கலவையை அடைத்து, சாக்கை நனைத்து மேலே போட்டு வைப்பார்கள். சுண்ணாம்பு மெதுவாக இறுகும், அவசரப்பட்டுக் காயவிட்டால் மறுபடி வெடிக்கும். ஓட்டை அடைக்கிற பொருள் முழுவதும் இருபது, முப்பது மைலுக்குள் கிடைத்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்போது வண்டி. கட்டை வண்டிச் சக்கரத்தில் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா. கருவேல மரம்தான் பெரும்பாலும். கோடையில் மரம் காய்ந்து சுருங்கும், இரும்பு சுருங்காது. பட்டா தளர்ந்து, ஆரக்கால் கடகடவென்று ஆடும். வண்டிக்காரர் செய்கிற முதல் வைத்தியம் தண்ணீர். வண்டியை ஏரிக்குள் இறக்கிச் சக்கரத்தை ஊறவிட்டால் மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். ஏரியே வற்றியிருந்தால்? ஆப்பு அடிக்கலாம். அதுவும் போதாவிட்டால் கொல்லரிடம்தான் போகவேண்டும். அவர் பட்டாவை வெட்டி, நீளம் குறைத்து, மறுபடி ஒட்டுவார். வட்டையின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கும்படி வைப்பதுதான் ரகசியம். சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ வைத்து, பட்டா பழுத்ததும் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியுமாக இருக்கும்.

இயற்பியல் பாடத்தில் படித்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 5 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 480 செ.மீ. இரும்பு 500 டிகிரி சூடேறினால் அந்த நீளம் ஏறக்குறைய 3 செ.மீ. கூடும். குளிரும்போது அந்த 3 செ.மீ.யும் சேர்ந்து மரத்தை இறுக்கும். கொல்லர் இந்த வாய்பாட்டைப் படித்தவர் இல்லை, கண்ணால் நிறம் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பிறகு டயர் வண்டி வந்தது, சைக்கிள் வந்தது. மரம் சுருங்கிய இடத்தில் ரப்பர் காய்ந்தது. வெயிலில் நிறுத்திய சைக்கிள் 'டப்' என்று வெடிப்பதற்குக் காற்று சூடாவது மட்டும் காரணமில்லை. 10 டிகிரி ஏறினால் அழுத்தம் மூன்று சதவீதம் போலத்தான் கூடும். நைந்த டயரும் சூட்டில் இளகிய பழைய ஒட்டும்தான் விட்டுக்கொடுக்கின்றன. உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற பஞ்சர் கடைக்காரர்தான் கொல்லருக்கு வாரிசு என்பது என் கருத்து.

தோட்டம், கிணறு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கோடையில் கிணறு தூர் வாருவது வீட்டு வேலை, ஏரி தூர் வாருவது ஊர் வேலை. இதற்குக் குடிமராமத்து என்று பெயர். வழக்கமாகச் செய்துவந்த இந்த வேலையைக் கட்டாயப்படுத்த 1858-ல் ஆங்கில அரசு ஒரு சட்டமே போட்டது. ஏரியும் வரியும் சர்க்காருடையது, மண்வெட்டி மட்டும் நம்முடையதா என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அதே பெயரில் 2017-ல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் திட்டம் ஆரம்பித்தது.

சரி, பாட்டியின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். ஓலையும் தோகையும் குளுமை தருவதற்கு அதனுள் அடைபட்டிருக்கும் காற்றுதான் காரணம். எரிவதற்கும் அதே காற்றுதான் காரணம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கூரைக் கொட்டகைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. 2010-ல் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ல் பசுமை வீடுகள், 2024-ல் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாயில் கலைஞரின் கனவு இல்லம் என்று தொடர்கிறது. யார் ஆட்சி என்றாலும் கூரையை மாற்றுவதில் ஒரே எண்ணம்தான். அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எரிந்த வீட்டில் பிறந்தவர் என் அப்பா.

ஆனால் நடுவில் வந்த சிமெண்ட் ஷீட்டை யாரும் பழுது பார்ப்பதில்லை. விரிசலில் தார் பூசலாம், அவ்வளவுதான். அரை அங்குலம்கூடக் கனமில்லாத அது பகல் பூரா வாங்கிய சூட்டை அப்படியே தலைக்கு மேல் இறக்குகிறது.

போன வைகாசியில் அப்பா ஒரு வேலை செய்தார். பக்கத்துக் கொல்லையில் தென்னை மட்டை வாங்கி, பாட்டியை முடையச் சொல்லி, அந்தக் கீற்றை ஷீட்டுக்கு மேலேயே பரப்பிவிட்டார். அறை நன்றாகவே குளிர்ந்தது. பாட்டி உள்ளே வந்து படுத்தார். ஆனால் வாசலில் ஒரு டிரம் தண்ணீரும், பக்கத்தில் ஒரு மூட்டை மணலும் வைத்த பிறகுதான் வந்தார்.