லூயிஸ் கவுண்டிப் பனிப்புயல்கள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வடபகுதியில், ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே உள்ள ஊர்ப்புறக் கவுண்டி லூயிஸ். தலைமையிடம் லௌவில். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 26,582. கவுண்டியின் மேற்குப் பகுதியில் எழும் டக் ஹில் மேட்டுநிலம், ராக்கி மலைகளுக்குக் கிழக்கே மிகுந்த பனி பெய்யும் இடங்களுள் ஒன்று. உயரமான பகுதிகளில் ஆண்டுச் சராசரியே 200 அங்குலத்தைத் தாண்டும்.

இங்கே வீசும் பனிப்புயல்களில் பலவற்றின் பிறப்பிடம் ஒன்டாரியோ ஏரிதான். அதன் பேராழம் 244 மீட்டர். ஆகவே கடுங்குளிரிலும் முழுதாக உறைவது அரிது. கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்று, ஒப்பளவில் வெப்பமான நீரின்மேல் கடக்கும்போது அடியில் சூடேறி, ஈரத்தை வாங்கிக்கொண்டு மேலெழுகிறது. நீர்ப்பரப்புக்கும் ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் உயரத்துக் காற்றுக்கும் 13 பாகை செல்சியசாவது வேறுபாடு இருந்தால் முகில் வலுக்கும். மேற்குக் காற்று ஏரியின் 300 கிலோமீட்டர் நீளத்தையும் தழுவி வீசினால், முகில்கள் ஒரே பட்டையாகத் திரளும். அந்தப் பட்டை மேட்டுநிலத்தில் ஏறும்போது இன்னும் குளிர்ந்து, பனியைக் கொட்டிவிடுகிறது. மணிக்கு 2, 3 அங்குலம் பெய்வது இங்கே புதிதன்று. சில வேளை இடியும் முழங்கும்.

பட்டையின் அகலம் பெரும்பாலும் சில பத்துக் கிலோமீட்டர்தான். காற்று சற்றே திசை மாறினால் பட்டையும் வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்துவிடும். பிளாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள லௌவில்லில் வெயில் அடிக்க, மேட்டிலுள்ள மாண்டேக் ஊர் பனியில் மூழ்கிக்கொண்டிருக்கலாம். கவுண்டி முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்லும் முன்னறிவிப்பால் அதிகப் பயனில்லை.

1997 ஜனவரி 11, 12 தேதிகளில் அதே மாண்டேக்கில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் பெய்ததாகப் பதிவாயிற்று. ஆனால் விதிப்படி நான்கு முறைக்கு மேல் அளக்கக் கூடாது. அங்கே ஆறு முறை அளந்திருந்தார்கள். புதுப்பனி தன் எடையாலேயே அமுங்குவதால், அடிக்கடி அளந்து கூட்டினால் மொத்தம் ஏறிவிடும். அதனால் தேசியச் சாதனையாக அந்த அளவு ஏற்கப்படவில்லை.

கவுண்டியின் முதன்மைத் தொழில் பால் பண்ணை. புயல் என்றாலும் மாட்டைக் கறக்காமல் விட முடியாது. பண்ணைத் தொட்டியில் ஓரிரு நாள் பாலைத்தான் குளிரூட்டி வைக்கலாம். அதற்குள் டேங்கர் லாரி வராவிட்டால் கீழே ஊற்ற வேண்டியதுதான். அதனால் பண்ணைக்காரருக்குப் பனியின் உயரத்தைவிடப் பாதை எப்போது திறக்கும் என்பதே கவலை. பள்ளிகள் மூடப்படும்; ஒதுக்குப்புற வீடுகளுக்கு ஆம்புலன்ஸ் போக, முன்னே பனி தள்ளும் வண்டி செல்ல வேண்டியிருக்கும். காற்றடித்துக் குவியும் பனியின் சுமையால் தொழுவக் கூரைகள் சரிவதும் உண்டு.

என்றாலும் இம்மக்கள் பனியை வெறுப்பதில்லை. பனிமேல் ஓடும் ஸ்நோமொபைல் வண்டிகளை ஓட்ட வரும் வெளியூர்க்காரர்களால்தான் குளிர்காலத்தில் விடுதிகளும் உணவகங்களும் நடக்கின்றன. பனி பொய்த்த ஆண்டில் அவற்றை நடத்துபவர்களுக்கு நட்டம்தான்.