கல்லில் பொறித்த துதியும் தட்டில் பதித்த குரலும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே கடலோரமாகச் சென்று, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்தால் திரியாய் என்னும் பழம்பதி வரும். வயலும் குளமும் சூழ்ந்த உழவர் ஊர் அது. அங்குள்ள குன்றிலே, பௌத்த சைத்தியத்தின் இடிபாடுகளுக்கு அருகில், பாறையொன்றில் வடமொழித் துதி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் எழுத்துப் பல்லவர் காலக் கிரந்தத்தை ஒத்தது, காலம் கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்பர். அவலோகிதேசுவரரைப் போற்றும் அத்துதி, கிரிகண்டிச் சைத்தியத்தைத் திரபுசகர், வல்லிககர் என்னும் வணிகக் கூட்டத்தார் எடுப்பித்ததாகவும் கூறுகிறது.

இந்தக் குன்று யாருக்குச் சொந்தம் என்று இன்று வழக்காடுகிறார்கள். கல்லோ வேறு கதை சொல்கிறது. கடல் கடந்த வணிகமும், வடமொழித் துதியும், தென்னாட்டு எழுத்தும், மகாயான வழிபாடும் ஒரே பாறையில் கலந்து நிற்கின்றன. அந்த வழக்கை வேறோரிடத்தில் பேசலாம். நம் கேள்வி இது: ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாடப்பட்ட பாடல்களுள் இந்தத் துதி மட்டும் ஏன் பிழைத்தது? வணிகரிடம் பொருள் இருந்தது. பொருளுக்குக் கல்லும் உளியும் பணிந்தன. அதே குன்றின் அடிவாரத்தில் வேளாண்மை வெட்டியவர்களும் சூடு மிதித்தவர்களும் பாடாமலா இருந்திருப்பார்கள்? தாய் தாலாட்டாமலா இருந்திருப்பாள்? அந்தக் குரல்களுக்குக் கல் கிடைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டு ஒரு புதுக் கல்லைக் கொண்டுவந்தது. அதன் பெயர் இசைத்தட்டு. அந்தக் கல்லில் இடம் பெற்றவர் யார், அதனால் யார் பெருமை கொண்டார், யார் ஊதியம் கொண்டார் என்று ஆராய்வது பயனுள்ள வேலை. அதிலும், பதின்வயதைத் தாண்டாத சிறுமியரின் முதல் இசைத்தட்டுகளை எடுத்துக்கொண்டால் கலையின் வரலாறும் சமூகத்தின் வரலாறும் ஒருங்கே தெரியவரும்.

1902ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். அவர் இந்தியாவில் முதன்முதல் பதிவு செய்த குரல்கள் சசிமுகி, பணிபாலா என்னும் இரு நாடகமேடைச் சிறுமியருடையவை. ஒருத்திக்கு வயது 14, மற்றவளுக்கு 16. அவர்களுடைய குரல் இரங்கத்தக்கதாக இருந்ததென்று அந்த வெள்ளையர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். சில நாள் கழித்து வந்த கௌஹர் ஜான்தான் அவருக்குத் திருப்தியளித்தார். கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லித் தட்டில் பதித்துவிட்டார். அந்நாளில் தட்டுகளை ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகரில் அச்சிட்டார்கள். எந்தத் தட்டு யாருடையது என்று அங்குள்ள தொழிலாளி அறிய அது உதவியது. ஆயினும் உழைத்தவள் தன் உழைப்பின்மீது தன் பெயரைத் தானே பொறித்தாள் என்னும் உண்மையில் ஒரு கம்பீரம் இருக்கிறது.

முதலில் பாட வந்தவர்கள் ஏன் நாடகமேடைப் பெண்களாகவும் கணிகையராகவும் இருந்தனர்? 'குலமகள்' தன் குரலைச் சந்தையில் விடலாகாது என்று உயர்சாதிச் சமூகம் கட்டளையிட்டிருந்தது. எனவே அச்சமூகம் எவரைத் தாழ்வாகக் கருதியதோ அவர்களே புதுக் கருவியின் முன் துணிந்து நின்றார்கள். தட்டின் மூலப்பொருளும் அத்தகைய கைகளிலிருந்தே வந்தது. பழைய தட்டுகளுக்கு வேண்டிய அரக்கைச் சோட்டாநாகபுரி முதலிய காடுகளில் பூச்சி படிந்த மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்தவர்கள் ஆதிவாசிகள். கேட்டவன் மாளிகையில் இருந்தான்; தட்டின் வேரோ காட்டில் இருந்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1926ஆம் ஆண்டில் மதுரைச் சிறுமி ஒருத்தி முதல் இசைத்தட்டைப் பாடினாள். வயது பத்து. அருகில் வீணை வாசித்தவர் அவளுடைய தாய் சண்முகவடிவு. பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அந்தச் சிறுமிதான் பின்னாளில் உலகறிந்த எம். எஸ். சுப்புலட்சுமி. அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கவனியுங்கள். 'எம்' ஊரைக் குறிக்கிறது. 'எஸ்' தாயைக் குறிக்கிறது. கே. பி. சுந்தராம்பாளுக்கும் அப்படியே: கொடுமுடி ஊர், பாலாம்பாள் தாய். தந்தையின் பெயரை முன்னிட்டு நிற்கும் நாட்டில் இவ்விரு பக்திக் குரல்களும் தாயின் பெயரோடு நின்றன. பாட்டி மகளுக்கும் மகள் பேத்திக்கும் கைமாற்றிய கலை அது; அவர்களுக்குப் பரம்பரைச் சொத்தென்று இருந்தது அதுவே.

ஒரு தட்டின் பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். கோவிலிலும் செல்வர் வீட்டிலும் மணிக்கணக்கில் விரிந்த இசை அந்த மூன்று நிமிடங்களுக்குள் சுருங்க வேண்டியதாயிற்று. இதைக் கலையின் வீழ்ச்சி என்று புலம்பியவர் உண்டு. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் கதவுகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு 1939 ஜூலை 8ஆம் நாளில்தான் திறந்தன. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே மதுரைச் சிறுமியின் குரல் தட்டில் ஏறிவிட்டது. சந்நிதிக்குள் நுழையக்கூடாதென்று தடுக்கப்பட்டவனும் தெருவில் நின்று பக்திப் பாடலைக் கேட்கலாம், குரலுக்குத் தீட்டில்லை. இயந்திரம் புரட்சி செய்துவிடாது. ஆயினும் பழைய வேலியில் அது ஒரு துளையிட்டது என்பதை மறுக்கவியலாது.

அதே இயந்திரம் வேறொன்றையும் செய்தது: குரலை அதன் வீட்டிலிருந்து பிரித்தது. சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது. பெண்ணைப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிந்தது நியாயமே; அதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயும் அக்குலத்தில் பிறந்தவர்தாம். ஆனால் கொடுமையை ஒழித்த சமூகம், கலையை வளர்த்த பெண்களுக்கு உரிய மதிப்பையும் மாற்று வாழ்வையும் கொடுத்ததா? கலை உயர்சாதிச் சபைகளுக்குக் குடிபெயர்ந்தது. அதைக் காத்த வீடுகள் இருளில் மூழ்கின. சுப்புலட்சுமி 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார்; 1998இல் பாரத ரத்னா பெற்றார். அவரைக் கொண்டாடிய பலர் சண்முகவடிவின் வீணையைப் பற்றிப் பேசக் கூசினர். குரலை ஏற்று, குரல் பிறந்த வீட்டை மறைப்பதும் ஒருவகைச் சுரண்டல்தான்.

இனிக் கடல் கடந்து பார்ப்போம். தேவாலயத்தில் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாட்டே வேதமாக விளங்கும் வழிபாடு புதிதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சுவிசேஷப் பாடலும் அத்தகையதே. அடிமைப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் விண்ணுலகைப் பாடுவதுபோல் மண்ணுலக விடுதலையைப் பாடிய மரபு அது. 1956ஆம் ஆண்டில் டெட்ராயிட் நகரத்து நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் பாடல்கள் பதிவாகி அவளுடைய முதல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. பத்தாவது வயது நிரம்புமுன் தாயை இழந்தவள். பெயர் அரேத்தா பிராங்க்ளின். தந்தை சி. எல். பிராங்க்ளின், மிசிசிப்பியின் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்து போதகரானவர்.

பதிவு செய்தவர் பெரிய கம்பெனிக்காரர் அல்லர். ஹேஸ்டிங்ஸ் தெருவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஜோ வான் பேட்டில் என்னும் கறுப்பர். தெற்கே பருத்திக் காடுகளை விட்டு மோட்டார்த் தொழிற்சாலைகளை நாடி வந்த மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. அவர்களுடைய போதகரின் பிரசங்கமும், அவர் மகளின் பாட்டும், அவர்கள் தெருவின் கடையிலேயே தட்டாயின. கேட்போரும் பாடுவோரும் பதிப்போரும் ஒரே மக்களாக இருந்தனர். இசைத்தட்டின் வரலாற்றில் இது அரிய காட்சி.

அந்தத் தெருவுக்கு என்ன நேர்ந்தது? நெடுஞ்சாலை போடுவதற்காக ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்துத் தள்ளினார்கள். பேட்டில் தம் கடையைப் பன்னிரண்டாம் தெருவுக்கு மாற்றினார். 1967 ஜூலையில் டெட்ராயிட் கொந்தளித்து எரிந்தபோது அந்தக் கடையும் அழிந்தது; அதிலிருந்த ஒலிநாடாக்களும் பாழாயின. திரியாய்ப் பாறைத் துதி பன்னிரண்டு நூற்றாண்டு தாங்கிற்று. ஏழை மக்களின் ஒலிக்களஞ்சியமோ இருபது ஆண்டுகூட முழுதாய் நிலைக்கவில்லை.

அரேத்தா பின்னர் பெருங்கம்பெனிகளுக்குப் பாடினார், புகழடைந்தார், செல்வம் சேர்த்தார். ஆனால் தம் தெருவை மறக்கவில்லை. அவர் தந்தை 1963 ஜூனில் மார்ட்டின் லூதர் கிங்குடன் டெட்ராயிட்டில் மாபெரும் உரிமைப் பேரணியை நடத்தினார். 1970இல் கம்யூனிஸ்டான ஏஞ்சலா டேவிஸ் சிறைப்பட்டபோது, ஜாமீன் தொகையைத் தாம் கட்டுவதாக மகள் அறிவித்தார். தம் மக்களிடமிருந்து கிடைத்த பணம் தம் மக்களின் விடுதலைக்கே பயன்படட்டும் என்பது அவர் வாதம். 1972இல் மறுபடியும் ஒரு தேவாலயத்தில் நின்று சுவிசேஷப் பாடல்களைப் பாடி வெளியிட்டார். பாடியவரைப் பாட்டின் வீட்டிலிருந்து பிரிக்கச் சந்தையால் இங்கு முழுதும் முடியவில்லை. அவருக்குப் பின்னால் ஓர் இயக்கம் நின்றதே அதற்குக் காரணம்.

கல்கத்தா, மதுரை, டெட்ராயிட் ஆகிய மூன்று ஊர்ச் சிறுமியரும் நமக்குக் கற்பிப்பது என்ன? குரல் தனியொருவரின் வரப்பிரசாதம் என்பது பாதி உண்மையே. அதன் பின்னால் தாயும் பாட்டியும் தெருவும் தேவாலயமும் தலைமுறைகளின் துயரமும் நிற்கின்றன. தட்டு அந்தக் குரலை எட்டுத்திக்கும் கொண்டுசெல்லும். ஆனால் பின்னால் நிற்பவர்களை மறைத்துவிடவும் செய்யும். மறைக்கவிடாமல் காப்பது வரலாறு எழுதுவோரின் கடமை.

திரியாய்க்குத் திரும்புவோம். 1980களில் போர் அவ்வூர் மக்களைப் பிறந்த மண்ணிலிருந்து துரத்தியது. பல ஆண்டுகள் கழிந்தே அவர்கள் மீளத் தொடங்கினர். வீட்டைத் திரும்பக் கட்டலாம், குளத்தைத் திருத்தலாம். மூதாட்டியோடு மண்ணுக்குள் போன பாட்டை எவராலும் மீட்கமுடியாது. இன்று கல்லும் உளியும் வேண்டா, அரக்குத் தட்டும் வேண்டா; மாணவன் கையிலுள்ள தொலைபேசியே குரலைப் பதியும். ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊரின் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் வயற்பாட்டையும் அவற்றை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே பதிவு செய்யுங்கள். பதியும்போது ஒன்றை மறவாதீர்கள். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் செய்ததுபோல், பாடியவளே தன் பெயரைச் சொல்லட்டும். அவளுக்குப் பாட்டைக் கற்பித்த தாயின் பெயரையும் சொல்லட்டும்.