மீட்டருக்கு இந்தப் பக்கம் ஒழுகினால் யார் பொறுப்பு? வீட்டுக் குழாய்ப் பராமரிப்பு: தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூர்: தண்ணீர் பில் திடீரென இரட்டிப்பாகும் மாதத்தில்தான் பல வீடுகளில் குழாய்களைப் பற்றிய பேச்சே எழுகிறது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடாக இருந்தாலும் கிள்ளான் தாமான் வீடாக இருந்தாலும் உடனே வரும் கேள்வி, "பிளம்பரைக் கூப்பிடுவதா, நாமே பார்த்துக்கொள்வதா?" என்பதுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. ஒழுகுவது யாருடைய குழாய்? இது தெரியாமல், பிறர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டிய வேலைக்குப் பணம் கொடுப்பவர்களும் உண்டு. தங்கள் வேலையைப் பிறர் செய்வார்கள் என்று காத்திருந்து சுவரைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

எல்லை எங்கே?

சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் தண்ணீர் விநியோகம் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்தின் பொறுப்பு. சாலையில் உள்ள பெரிய குழாயிலிருந்து மீட்டர் வரை ஏற்படும் ஒழுகலை அந்த நிறுவனமே சரிசெய்யும். 15300 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் குழாய்கள் அனைத்தும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அடுக்குமாடிகளில் பல வீடுகளுக்குப் பொதுவாகச் செல்லும் குழாய்களை நிர்வாகக் குழு பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழிவுநீருக்கு எல்லை வேறு. பொதுக் கழிவுநீர்க் குழாய்களை இண்டா வாட்டர் நிறுவனம் பராமரிக்கிறது. வீட்டிலிருந்து அந்தப் பொதுக் குழாய் வரை செல்லும் இணைப்பு வீட்டு உரிமையாளருடையது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், எந்தப் பழுது யார் செலவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

ஒழுகல் இருக்கிறதா? ஒரு மணி நேரச் சோதனை

வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூட வேண்டும். கூரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி நிரம்பும்வரை பொறுத்திருந்து, மீட்டர் எண்ணைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. பிறகு எண் மாறியிருந்தாலோ, மீட்டரின் சிறு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தாலோ எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிவறை ஃப்ளஷ் தொட்டியை. கேசரிக்குப் போடும் நிறமியைச் சில துளிகள் தொட்டியில் விட்டு, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் இருந்தால் போதும். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது.

சொட்டும் குழாயின் அடியில் 1.5 லிட்டர் போத்தலை வைத்துப் பார்க்கலாம். அது ஒரு மணி நேரத்தில் நிரம்பினால் நாளுக்கு 36 லிட்டர், மாதத்துக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் வீணாகிறது. கட்டணம் படிப்படியாக உயர்வதையும் நினைவில் கொள்ள வேண்டும். மாதத்துக்கு முதல் 20 கன மீட்டருக்குக் குறைந்த விகிதம்; 20 முதல் 35 வரை கூடுதல்; 35-ஐத் தாண்டினால் இன்னும் கூடுதல். 19 கன மீட்டரில் நிற்க வேண்டிய குடும்பத்தை அடுத்த படிக்குத் தள்ள ஒரு ஃப்ளஷ் தொட்டி போதும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

எதைத் தொடுவதற்கு முன்பும் மீட்டருக்கு அருகிலுள்ள மெயின் வால்வை மூட வேண்டும். திருகும் வகைக் குழாய் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினால் போதும். இணைப்பில் கசிந்தால் கழற்றி, மரையின் மீது வெள்ளை டேப்பை மரை சுற்றும் திசையிலேயே சுற்றிப் பூட்டலாம். கைத்தொட்டிக்கு அடியில் உள்ள வளையும் குழாய் துருப்பிடித்திருந்தாலோ உப்பியிருந்தாலோ, வெடிக்கும்வரை காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். புதிய பொருள் வாங்கும்போது தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டு வாங்கலாம்.

தரை வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் நேராக மீட்டரிலிருந்து வருகிறது; குளியலறைக்குக் கூரைத் தொட்டியிலிருந்து வருகிறது. ஆகவே சமையலறையில் நன்றாக வந்து குளியலறையில் மட்டும் மெதுவாக வந்தால், கோளாறு தொட்டியிலோ அதன் வால்விலோதான். வெளிச்சுவரில் உள்ள வழிவுக்குழாயில் தண்ணீர் சொட்டினால், தொட்டியின் மிதவை வால்வு பழுதாகிவிட்டது.

காலையில் முதலில் வரும் தண்ணீர் மட்டும் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால், வீட்டின் பழைய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருக்கக்கூடும். அண்டை வீட்டிலும் நாள் முழுவதும் அப்படியே வந்தால் ஆயர் சிலாங்கூரிடம் சொல்ல வேண்டும்.

தீபாவளி எண்ணெயும் அடைப்பும்

முறுக்கு சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றினால், அது குழாயில் உறைந்து, தேங்காய்த் துருவலையும் சோற்றுப் பருக்கையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆறிய எண்ணெயைப் போத்தலில் ஊற்றி அப்புறப்படுத்துவதே சரி. அடைத்துக்கொண்டால் ரப்பர் பம்பால் அழுத்திப் பார்க்கலாம். சிங்க்கின் அடியில் வாளியை வைத்து, வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவலாம். கொதிக்கும் நீர் பிவிசி குழாயை இளக்கிவிடும். அமிலக் கரைசலையும் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. அதிலிருந்து கிளம்பும் குளோரின் நச்சு வாயு.

தண்ணீர் வெட்டுக்குப் பிறகு

2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் ஆறு மாசடைந்ததால், சுங்கை சிலாங்கூரை நம்பியிருந்த 4 சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. இத்தகைய வெட்டுக்குப் பின் முதலில் கலங்கல் நீர் வருவது வழக்கம். தண்ணீர் திரும்பும் முன்பே கூரைத் தொட்டிக்குச் செல்லும் வால்வை மூடிவிட்டு, வாசல் குழாயைத் திறந்து தெளியும்வரை விடலாம். இதனால் சேறு தொட்டியில் தங்காது. குழாய் முனை வலைகளையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

பிளம்பரை எப்போது அழைப்பது?

• எல்லாக் குழாய்களும் மூடியிருந்தும் மீட்டர் ஓடுகிறது. ஒழுகும் இடம் தெரியவில்லை.
• சுவரிலோ தரையிலோ ஈரம் பரவுகிறது.
• கழிவறை, தரைத்துளை, சிங்க் எல்லாம் ஒரே நேரத்தில் பின்வாங்குகின்றன. இது பிரதான கழிவுக்குழாய் அடைப்பு. அண்டை வீட்டாருக்கும் அப்படியே இருந்தால் இண்டா வாட்டரை அழைக்க வேண்டும்.
• புதிய குழாய் இழுக்க வேண்டும் அல்லது தொட்டியை மாற்ற வேண்டும்.

சுடுநீர் ஹீட்டரில் ஒழுகினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பதிவுபெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். மீட்டரை யாரும் தொடக்கூடாது, அது குற்றம்.

தூணில் ஒட்டிய எண்ணை நம்பி அழைப்பதைவிட, ஸ்பான் பெர்மிட் உள்ளவரா என்று கேட்பது பாதுகாப்பு. கூலியும் பொருள் விலையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். சுவரை உடைக்கும் முன் காரணத்தைக் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ரசீதை வைத்திருந்தால், ஏமாற்றப்பட்டவர்கள் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இன்றிப் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம்.

மேல்வீட்டிலிருந்து ஒழுகினால்

அடுக்குமாடிகளில் அண்டை வீட்டாரைப் பகையாளியாக்குவது இந்தப் பிரச்சினைதான். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாக விதிமுறைகளின்படி, சீலிங்கில் ஈரம் கண்டால் வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேல்வீட்டில் இருப்பதாகவே கருதப்படும். எழுத்துப்பூர்வமாகப் புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். ஆய்வு முடிந்த 5 நாளுக்குள் காரணத்தையும் பொறுப்பானவரையும் குறிப்பிட்டுச் சான்றிதழ் தர வேண்டும். பொறுப்பானவர் 7 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், நிர்வாகமே வேலையை முடித்து அவரிடம் செலவை வசூலிக்கலாம். அதிலும் தீராவிட்டால் ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது.

ஆகவே மேல்வீட்டுக் கதவைத் தட்டிச் சத்தம் போடுவதைவிட, தேதியிட்ட படங்களோடு நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைப்பதே பலன் தரும்.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது, கையால் திருகினால் மூடுகிறதா என்பதை வீட்டில் எல்லாருமே தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெருநாளுக்குச் சொந்த ஊர் கிளம்பும் முன் அதை மூடிவிட்டுச் சென்றால், திரும்பி வரும்போது வீடு நனைந்து கிடக்காது.