உணர்வு வன்கொடுமையிலிருந்து மீள உளவியல் சிகிச்சையாளரைத் தேடுதல்

உணர்வு வன்கொடுமை என்பது ஒருவரைக் கைநீட்டி அடிக்காமலே அடக்கி வைக்கும் நடத்தை. ஓயாத ஏளனம், நாலு பேர் முன் அவமானப்படுத்துவது, நாட்கணக்கில் பேசாமலிருந்து தண்டிப்பது, பிறந்த வீட்டோடும் நண்பர்களோடும் பேச்சை அறுப்பது, செல்பேசியைச் சோதிப்பது, நடந்ததை நடக்கவே இல்லை என்று சாதிப்பது எல்லாம் இதில் அடங்கும். இதற்கான உளவியல் சிகிச்சை, பொதுவான மனச்சோர்வுக்கான சிகிச்சையிலிருந்து ஓரிடத்தில் விலகுகிறது. சிகிச்சை தருபவருக்கு, நடந்தது வன்கொடுமை என்று கண்டுகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவரிடம் போனால், வீட்டுப் பெரியவர்கள் சொன்ன அதே அறிவுரையைக் கட்டணம் கட்டிக் கேட்டுவிட்டு வர நேரும்.

சட்டத்தில் இதன் இடம்

இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 3-ஆம் பிரிவு, சொல்லாலும் உணர்வாலும் செய்யும் துன்புறுத்தலை உடல், பாலியல், பொருளாதார வன்முறைகளுக்குச் சமமாக வைக்கிறது. குழந்தை இல்லை, ஆண் வாரிசு இல்லை என்று குத்திக்காட்டுவதை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. இலங்கையின் 2005-ஆம் ஆண்டு 34-ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உணர்வுத் துன்புறுத்தலை ஏற்கிறது. இந்தியச் சட்டம் பெண்களுக்கு மட்டுமானது. சிகிச்சைக்கு அந்த வரம்பு கிடையாது. தந்தையின் ஏச்சிலேயே வளர்ந்த மகனும், பிள்ளைகளிடம் சொல்லடி படும் முதியவர்களும் அதே உதவியை நாடலாம்.

யாரிடம் போவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் உரிமை இவருக்கு உண்டு. தூக்கம் அறவே கெட்டுப்போனாலும், சாப்பிட முடியாமல் போனாலும், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும் முதலில் இவரைப் பார்ப்பதே சரி. மருத்துவ உளவியலாளர் மருந்து தரமாட்டார்; உளவியல் மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவர் பணி. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்டு, கவுன்சிலின் பட்டியலில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு போகாமலிருப்பது நல்லது.

மனநல ஆலோசகர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலை இந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. 2021-இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் இவர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர முனைகிறது. முதுநிலை உளவியலோ மனநலச் சமூகப்பணியோ படித்து, மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற திறமையான ஆலோசகர்கள் பலர் இருக்கிறார்கள். வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்களும் அதே பெயரில்தான் இயங்குகிறார்கள். எங்கே படித்தார், யார் மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்ற இரண்டு கேள்விகளே இவர்களைப் பிரித்துக் காட்டிவிடும்.

சமரசப் பேச்சு சிகிச்சை ஆகாது

மகளிர் காவல் நிலையத்திலும் குடும்ப நல நீதிமன்றத்திலும் 'கவுன்சலிங்' நடக்கிறது. பெரும்பாலும் அது இரு தரப்பையும் உட்காரவைத்து ஒத்துப்போகச் சொல்லும் பேச்சுவார்த்தை. "அடிக்கிறாரா? குடிக்கிறாரா? இல்லையே, அப்புறம் என்னம்மா? கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்பதில் முடிந்த அமர்வுகள் ஏராளம். இதை அனுபவித்த பெண்கள், உளவியல் சிகிச்சையும் இப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பக்கமே திரும்புவதில்லை. சட்டம் இவ்வளவு மெத்தனமாக இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகளில் 14-ஆவது, குற்றஞ்சாட்டப்பட்டவர் தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க ஆலோசனை அமர்வில் இடமில்லை என்கிறது. அமர்வு தொடங்கும் முன்பே அதை அவருக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. நடைமுறை அந்த விதிக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

தம்பதியரை ஒன்றாக அமர்த்திச் செய்யும் சிகிச்சை, இருவரும் அச்சமின்றிப் பேச முடியும் என்ற அடிப்படையில் அமைந்தது. வன்கொடுமை நடக்கும் வீட்டில் அந்த அடிப்படையே இல்லை. மனைவி அறைக்குள் வாய்விட்டுச் சொன்ன ஒரு வாக்கியம் திரும்பும் வழியில் காரிலேயே அவருக்கு எதிராகத் திரும்பும். அல்லது அவர் எதுவும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வருவார். கணவரின் சாதுரியப் பேச்சே பதிவாகும். அனுபவமுள்ள சிகிச்சையாளர் முதலில் இருவரையும் தனித்தனியே பார்ப்பார். வன்கொடுமை இருப்பது தெரிந்தால் கூட்டு அமர்வைத் தொடரமாட்டார்.

முதல் சந்திப்பில் கவனிக்க வேண்டியவை

கேட்கத்தக்க கேள்விகள் நேரடியானவை. உணர்வு வன்கொடுமைக்கு ஆளானவர்களோடு முன்பு வேலை செய்திருக்கிறீர்களா? என் கணவரையோ மாமியாரையோ அழைத்துவரச் சொல்வீர்களா? நான் சொல்வதை யாரிடம், எந்தச் சூழலில் சொல்வீர்கள்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இரகசியம் காக்கும் கடமையை விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற விலக்குகளும் அதில் உண்டு. அவற்றை முதல் நாளே விளக்குபவர் தொழில் தெரிந்தவர். விவாகரத்து வழக்கு நடப்பவர்கள் சிகிச்சையாளர் எழுதும் குறிப்பேடு பற்றியும் கேட்டு வைக்க வேண்டும்; நீதிமன்றம் அதை வரவழைக்கக் கூடும்.

பதிலைவிட அது சொல்லப்படும் விதம் அதிகம் காட்டிக்கொடுக்கும். பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் கதையைத் தொடங்கும்போதே "எம்மேலயும் தப்பு இருக்கு" என்பார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் குறைகளைத் திருத்தப் புறப்படுபவர் ஒரு வகை. முதல் மணி நேரத்திலேயே "அவரை விட்டு வந்துடுங்க" என்று தீர்ப்புச் சொல்பவர் இன்னொரு வகை. இருவருமே முடிவை அவர் கையிலிருந்து பறிக்கிறார்கள், வீட்டில் நடந்ததும் அதுதான். ஜாதகம், பரிகாரம், பிரார்த்தனை என்று பேச்சைத் திருப்புபவர்களையும், சொந்தக்காரர்களிடம் விசாரிக்கிறேன் என்பவர்களையும் தவிர்க்கலாம்.

உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல், சிகிச்சை பலிப்பதற்குச் சிகிச்சையாளருக்கும் நாடி வருபவருக்கும் இடையிலான பிணைப்பு, ஒத்த இலக்கு, செய்யும் வேலையில் உடன்பாடு ஆகிய மூன்றும் அடிப்படை என்றார். மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் பேச அச்சமாகவே இருந்தால் வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை. பிறரைத் திருப்திப்படுத்தியே பழகியவர்களுக்கு இது எளிதாக வராது. சிகிச்சையாளர் மனம் நோகுமே என்று மாதக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு.

அதே வீட்டில் இருப்பவர்கள்

கொடுமை செய்பவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவருக்கு, சிகிச்சைக்குப் போவதே ஆபத்தாகலாம். முன்பதிவுக் குறுஞ்செய்தி, யுபிஐ கட்டணப் பதிவு, இருப்பிடத்தைப் பகிரும் செயலி ஆகிய மூன்றும் காட்டிக்கொடுக்கும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று சிகிச்சையாளரோடு முன்கூட்டியே பேசிவைப்பதும், யாராவது அறைக்குள் வந்தால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை முடிவு செய்துகொள்வதும் வழக்கம். காணொளி அமர்வு வசதியானதுதான், ஆனால் சுவர் மெல்லிய வீடுகளுக்குப் பொருந்தாது. அலுவலகத்தின் காலி அறையோ தோழியின் வீடோ மேல்.

சிகிச்சையின் போக்கு

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வகுத்த மூன்று கட்டங்கள் இன்றும் வழிகாட்டியாக உள்ளன. முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து துக்கித்தல், அதன்பின் வாழ்க்கையோடு மீண்டும் இணைதல். பாதுகாப்பு அமையும் முன் பழைய காயங்களைக் கிளறுவது நிலையை மோசமாக்கும். தன்னைப் பற்றிய பழியுணர்வைச் சோதித்துப் பார்க்க அறிதல் நடத்தைச் சிகிச்சையும், அச்ச நினைவுகளுக்கு ஃபிரான்சின் ஷாபிரோ 1987-இல் தொடங்கிய ஈ.எம்.டி.ஆர். முறையும் பயன்படுகின்றன. அமர்வு சுமார் 45 முதல் 60 நிமிடம், பொதுவாக வாரம் ஒருமுறை.

செலவும் இலவச வழிகளும்

தனியார் கட்டணம் பலருக்கு எட்டாதது. மனநோய்க்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், மருத்துவமனையில் சேராமல் பெறும் பேச்சுவழிச் சிகிச்சைக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், 1794-இல் தோன்றிய சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும், மாவட்ட மனநலத் திட்டமும் கட்டணமின்றிப் பார்க்கின்றன. கூட்டம் மிகுதி என்பதால் நீண்ட அமர்வு கிடைப்பது அரிது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசுகிறது. 181 மகளிர் உதவி எண் வழியாக ஒருங்கிணைந்த சேவை மையத்தை அணுகலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926.

புலம்பெயர் தமிழர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பாளர் அதே ஊர்க்காரராக, சில வேளை கணவரின் தெரிந்தவராகவே இருந்துவிடுவார். வேறு நகரத்து மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசி வழியாகக் கேட்டுப் பெறலாம். குழந்தைகளை அந்த வேலைக்கு உட்காரவைக்கக் கூடாது.

புகார்

சிகிச்சையாளரே எல்லை மீறினால், மனநல மருத்துவர் மீது மாநில மருத்துவக் கவுன்சிலிலும், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் மீது மறுவாழ்வுக் கவுன்சிலிலும் எழுத்து மூலம் புகார் தரலாம். மனநல நிலையங்களின் சேவைக் குறைபாட்டை முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவ அலுவலரிடமும், அதில் திருப்தி இல்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் கொண்டுசெல்ல 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு வழி செய்கிறது.