டி.சி. வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகம் போனவர்கள்

நம் ஊரில் ஒரு பையனுக்கு நடு வருஷத்தில் டி.சி. கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், அடுத்து வரும் கேள்வி, "என்ன தப்பு பண்ணினான்?" என்பதுதான். அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தாலொழிய, ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டு இன்னொரு கல்லூரிக்குப் போவது நம்மிடையே நல்ல பெயர் வாங்கித் தரும் காரியம் இல்லை. பிளஸ் டூ மார்க் எந்த வாசலைத் திறந்ததோ, அந்த வாசல்தான் கடைசிவரை.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்து வருகிறது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் முதலான ஊர்களில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகம். அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் அங்கே பட்டம் வாங்குகிறவர்களில் ஒரு பெரும் பகுதியினர், வேறொரு சின்னக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் வந்து சேர்ந்தவர்கள். இந்த நடுவாசலைக் கட்டியது யார், ஏன் கட்டினார்கள் என்பதை மலருக்காக எழுதலாம் என்று தோன்றியது. நான் நம் வரலாற்றுத் துறை மாணவன். ஆண்டுக் கணக்கு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பழைய நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கம் கலிஃபோர்னியாவில் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருஷத்தைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று சொல்லி வந்தார். அவருடைய தூண்டுதலில் 1901-ல் இல்லினாய் மாநிலம் ஜோலியட் நகரில் ஒரு ஜூனியர் காலேஜ் ஆரம்பமாயிற்று. மாணவர்கள் மொத்தம் 6 பேர்!

கலிஃபோர்னியா 1907-ல் ஒரு சட்டம் போட்டது. உயர்நிலைப் பள்ளிகளே கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தலாம் என்று அனுமதித்தது. அதன்படி 1910-ல் ஃப்ரெஸ்னோவில் வகுப்புகள் தொடங்கின. அது விவசாய ஊர். பெர்க்லி அங்கிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பி ஹாஸ்டல் செலவு செய்ய எத்தனை குடும்பத்தால் முடியும்? பெற்றோர் பார்த்தது இந்தக் கணக்கை. பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் பார்த்தது வேறு கணக்கு. பெர்க்லியில் கல்வித் துறைக்குத் தலைவராக இருந்த அலெக்ஸிஸ் லாங்கே போன்றவர்களுக்கு, முதலாண்டுக் கூட்டத்தை வேறு யாராவது பார்த்துக்கொண்டால் நாம் ஆராய்ச்சியைக் கவனிக்கலாமே என்ற ஆசை. இரண்டு தரப்பின் தேவையும் ஒரே இடத்தில் வந்து நின்றதால்தான் காரியம் நடந்தது என்பது என் எண்ணம்.

நமக்கும் இது முற்றிலும் புதியதல்ல. அந்தக் கால மதராஸ் பல்கலைக்கழகத்தில் 'இரண்டாம் நிலைக் கல்லூரி' என்று ஒரு வகை உண்டு. அதில் எஃப்.ஏ. வரைதான் படிக்கலாம். பி.ஏ.வுக்கு வேறு கல்லூரிக்குப் போக வேண்டும். சர் சி.வி. ராமன் விசாகப்பட்டினத்தில் எஃப்.ஏ. முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தவர்தான், 1904-ல் பி.ஏ. தேறினார். ஆனால் அந்தப் பாலத்தின் நடுவே பரீட்சை என்ற சங்கிலி கட்டியிருந்தது. கணித மேதை ராமானுஜன் கும்பகோணத்திலும் படித்தார், சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்கள் காலை வாரிவிட, எஃப்.ஏ. தேறாமலே நின்றுபோனார். அவருக்கு நடுவாசல் திறக்கவில்லை.

கலிஃபோர்னியாவுக்குத் திரும்புவோம். ஒரு வேடிக்கை என்னவென்றால், இன்று உலகப் புகழோடு இருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமே 1919-ல் பெர்க்லியின் 'தெற்குக் கிளை'யாக, இளநிலையில் இரண்டு வருஷப் படிப்போடு ஆரம்பித்ததுதான். முதல் பி.ஏ. பட்டம் அங்கே 1925-ல்தான் வழங்கப்பட்டது. பக்கத்து ஊரான பாசடீனாவின் ஜூனியர் காலேஜிலிருந்து 1939-ல் அங்கே மாறி வந்தவர் ஜாக்கி ராபின்சன். கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் என்று நான்கு விளையாட்டிலும் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு ஆடினார். 1947-ல் அமெரிக்கப் பெரிய பேஸ்பால் போட்டிகளில் இருந்த நிறத்தடையை உடைத்தவர் இவரே. அவர் பாசடீனாவை விட்டுப் போன அதே 1939-ல் பள்ளிப் படிப்பை முடித்துப் பாசடீனா வந்த ஒரு பையன், இரண்டு வருஷம் கழித்துத் தானும் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறினான். பெயர் புரூஸ் மெரிஃபீல்ட். 1984-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் வேதியியல் துறை நண்பர்களுக்குப் பெப்டைடு தயாரிக்கும் அவர் முறை நன்றாகத் தெரிந்திருக்கும். இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூரும் சான் ஹோசே அரசுக் கல்லூரியில் படித்துவிட்டுப் பெர்க்லிக்கு மாறி, 1950-ல் பி.எஸ். முடித்தவர்.

ஆனாலும் அதுவரை இது வழக்கமாகத்தான் இருந்தது, சட்டமாகவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ம் ஆண்டுச் சட்டம் கல்விச் செலவைக் கொடுத்தது. அடுத்து அவர்கள் பிள்ளைகளின் கூட்டம் வரப்போகிறது. ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் "என் தொகுதிக்கு ஒரு காலேஜ் வேணும்" என்று கிளம்பினார். (இது எந்த நாட்டிலும் நடக்கிற கதைதான்.) இதை ஒழுங்குபடுத்தத் திட்டம் வேண்டுமென்று 1959-ல் தீர்மானம் கொண்டுவந்தவர் டோரத்தி டோனஹோ என்ற பெண் உறுப்பினர். திட்டத்தை வடித்ததில் முதன்மையானவர் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர். 1960 ஏப்ரலில் ஆளுநர் பாட் பிரவுன் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே மாதத் தொடக்கத்தில் டோனஹோ இறந்துவிட்டார். சட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அந்தத் திட்டம் கல்லூரிகளை மூன்று அடுக்காகப் பிரித்தது. பள்ளி இறுதியில் தேறுகிறவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். மேல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். மற்ற யாராக இருந்தாலும் ஜூனியர் காலேஜ். இதை ஏழைகளுக்குக் கதவைத் திறந்த மகத்தான சாசனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு முழுதும் உடன்பாடில்லை. முன்பு பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இருந்த தகுதி இதனால் பன்னிரண்டரைக்குக் குறைந்தது. ஜூனியர் காலேஜில் ஒரு மாணவனுக்கு ஆகிற செலவும் குறைவு. முன்வாசலைக் குறுக்கிய திட்டம் அது.

குறுக்கியதற்கு ஈடு செய்ததுதான் விஷயம். பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் 40 பங்கு, பின்னிரண்டு ஆண்டு மாணவர்கள் 60 பங்கு என்று இருக்க வேண்டும் என விகிதம் வைத்தார்கள். கணக்கைப் பாருங்கள். கீழே 40 பேர் இருந்து, ஒருவர்கூட நிற்காமல் அத்தனை பேரும் மேலே போனாலும், மேலே 20 இடம் காலியாக இருக்கும். அந்த 20 பேர் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஜூனியர் காலேஜ் மாணவனிடம் "நல்லாப் படிச்சா பார்க்கலாம்" என்று சொல்வது வேறு. அவனுக்காக நாற்காலி போட்டு வைப்பது வேறு. இங்கே நாற்காலி போட்டு வைத்தார்கள்.

அதே 1960-ல் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர், சான் ஹோசே ஜூனியர் காலேஜை ஆராய்ந்து கசப்பான ஒரு கருத்தைச் சொன்னார். பல்கலைக்கழகம் போகும் ஆசையோடு வருகிற பலரை, இந்தக் கல்லூரிகள் முகம் கோணாமல், ஆலோசனை சொல்லிச் சொல்லியே, சின்னப் படிப்புகளுக்குத் திருப்பி ஆசையை ஆற்றிவிடுகின்றன என்றார். அவர் சொன்னது இன்னும் பொய்யாகவில்லை. மாநிலத் தணிக்கைத் துறை 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017 முதல் 2019 வரை மாறிப் போகும் எண்ணத்தோடு சேர்ந்தவர்களில் நான்கு வருஷத்துக்குள் மாறியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான்.

ஏன் இப்படி? வேலை பார்த்துக்கொண்டே படிப்பது ஒரு காரணம். இன்னொன்று, எந்தப் பாடம் செல்லும், எது செல்லாது என்ற குழப்பம். இங்கே படித்த கால்குலஸ் அங்கே கணக்கில் வராது என்றால் ஒரு வருஷம் போச்சு! இதைத் தீர்க்க 1985-ல் 'அசிஸ்ட்' என்ற பாட ஒப்பீட்டுப் பட்டியல் உருவானது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று இன்றும் அதில் பார்த்துக்கொள்ளலாம். பொதுப் பாடங்களுக்கு 1991-ல் ஒரே தொகுப்பு வந்தது. 2010-ல் ஒரு சட்டம், குறிப்பிட்ட ஈராண்டுப் பட்டம் பெற்றவர்களுக்கு மாநிலக் கல்லூரிகளின் வாரிசான கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இடத்தை உறுதி செய்தது. இதற்கிடையே 1978-ல் சொத்துவரியைக் குறைத்த 13-ம் முன்மொழிவு நிறைவேறி, கல்லூரிகளின் வருமானம் அடிபட்டது. அதுவரை இலவசமாக இருந்த ஜூனியர் காலேஜில் 1984-ல் யூனிட்டுக்கு 5 டாலர் கட்டணம் வந்தது. 2012 முதல் உள்ளூர்வாசிகளுக்கு அது 46 டாலர்.

என் தங்கை மகன் இப்போது அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். (ஜூனியர் காலேஜின் இன்றைய பெயர் அது, மொத்தம் 116 இருக்கின்றன.) அவன் சேர்ந்தபோது தங்கை போனில், "அண்ணா, ஊர்ல யாராவது கேட்டா கலிஃபோர்னியாவுல படிக்கிறான்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழிற்பயிற்சிச் சான்றிதழ்தானே நினைவுக்கு வரும்! பாலிடெக்னிக் முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு வந்த நம் நண்பர்களைக் கேளுங்கள். அந்தக் கூச்சத்தின் ருசி அவர்களுக்குத் தெரியும்.

மருமகன் கூச்சப்படவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் முதலாண்டுக்கு மனுப் போடுகிறவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. மாறி வர மனுப் போடுகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது. வெளிநாடு போக நினைக்கும் இன்றைய மாணவர்களுக்கு அவன் சொல்லும் விவரம் இது. 60 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். சேரும் பாடத்துக்கு உரிய அடிப்படைப் பாடங்களை முதல் வருஷத்திலேயே 'அசிஸ்ட்' பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றுக்குச் செப்டம்பரில் உறுதி மனு போடலாம். சொன்ன மார்க்கும் பாடங்களும் இருந்தால் இடம் நிச்சயம், ஆனால் எல்லாப் பாடப் பிரிவுக்கும் இந்த உறுதி கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் இந்த ஏற்பாட்டில் இல்லை. அங்கே மற்றவர்களோடு போட்டி போட்டுத்தான் ஆக வேண்டும். அவன் டேவிஸுக்கு உறுதி மனுவும், பெர்க்லிக்குச் சாதாரண மனுவும் போட்டிருக்கிறான்.