ஒற்றி வரைதலும் பதிப்பும்: கற்பனை நில விளையாட்டு வரைபடங்களின் கணினிப் படிகள்

முன்னுரை

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுக்கென அச்சிடப்பட்ட கற்பனை நிலப்படங்கள், கடந்த கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கணினி மென்பொருள்களில் மீண்டும் வரையப்பட்டு வருகின்றன. பழைய தாளை வருடிக் கீழடுக்கில் பொருத்தி, அதன்மேல் கடற்கரை, ஆறு, மலை, சாலை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளில் ஒற்றி வரைவதே இதன் முறை. இதனை வெறும் படியெடுப்பாகக் கருதுவோர் பலர். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களைப் பயின்ற நமக்கு, எந்தப் படியெடுப்பும் வெறும் படியெடுப்பன்று என்பது தெரிந்ததே. ஒற்றி வரைதல் ஒரு பதிப்புச் செயல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டமும் நிலமும்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகியோரின் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தபோது, வனவெளிப் பயணத்திற்கு அவலான் ஹில் நிறுவனத்தின் ‘அவுட்டோர் சர்வைவல்’ (1972) என்னும் வேறொரு விளையாட்டின் அறுகோணக் கட்டப் பலகையையே அதன் விதிநூல் பரிந்துரைத்தது. கட்டம் முதலில் வந்தது. நிலம் பின்னர் அதில் நிரம்பியது. 1981இல் வெளிவந்த ‘தி ஐல் ஆஃப் டிரெட்’ சாகச நூலின் கண்டப் படத்தில் ஓர் அறுகோணத்தின் அகலம் 24 மைல். அதே நிலத்தை விரித்துரைத்த கெஜட்டியர் வரிசை 1987இல் தொடங்கியபோது, நாட்டுப் படங்களில் அது 8 மைலாயிற்று. பெரிய அறுகோணம் ஒன்றின் பரப்பு ஒன்பது சிறிய அறுகோணங்களுக்குச் சமம். பழைய படத்தில் ‘காடு’ என்று ஒரே குறியீடு பெற்ற கட்டத்தைப் புதிய அளவில் வரைபவர் ஒன்பது முறை முடிவெடுக்க வேண்டியவராகிறார். எட்டு முறை காடென்றும் ஒரு முறை வெளியென்றும் அவர் வரைந்தால், அந்த வெளிக்குச் சான்று எது?

இதற்கு மாறானது எட் கிரீன்வுட் படைத்த ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்’ உலகம். அதன் 1987ஆம் ஆண்டுப் பெட்டித் தொகுப்பில் நிலப்படம் கட்டமின்றி வரையப்பட்டிருந்தது. அறுகோணங்கள் ஒளி ஊடுருவும் நெகிழித் தாளில் தனியே தரப்பட்டன. ஆடுவோர் அதனைப் படத்தின்மேல் வைத்துத் தொலைவை எண்ணினர். இன்றைய மென்பொருளின் அடுக்கு முறை இப்பெட்டியிலேயே காகிதமும் நெகிழியுமாக இருந்தது எனலாம்.

பாடவேறுபாடு

இவ்வுலகின் நிலப்பட மரபு ஒரு நூலின் பதிப்பு வரலாற்றை ஒத்தது. டோல்கீனின் உலகிற்கு 1981இல் நிலப்பட நூல் செய்த கேரன் வின் ஃபான்ஸ்டாட், 1990இல் இதற்கும் ஒரு நிலப்பட நூல் வரைந்தார். 1999இல் ப்ரோஃபேன்டசி நிறுவனம் தன் ‘கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்’ மென்பொருளின் அடிப்படையில் குறுவட்டில் ஒரு நிலப்படத் தொகுப்பை உருவாக்கியது. 2001ஆம் ஆண்டுப் பதிப்பிலோ கண்டமே சுருக்கி வரையப்பட்டது. வெற்றிடங்கள் குறைந்தன, ஊர்கள் நெருங்கின. பழைய தாளையும் புதிய தாளையும் ஒரே கோப்பில் வைத்தால் அவை பொருந்தா. பொருத்துப் புள்ளிகளைக் கொண்டு ஒன்றை இழுத்து மற்றதன்மேல் படியவைக்க மென்பொருள் உதவும். அவ்வாறு பெறும் படமோ எந்த ஆண்டின் படமும் அன்று; இரு ஏடுகளைக் கலந்து மூன்றாவது பாடம் படைத்த பதிப்பாசிரியரின் செயலையே அது ஒக்கும்.

இல்லாத நிலத்தில் எந்தக் கரை வளைந்தால் என்ன என்று கேட்கலாம். நிலம் இல்லை என்பதனாலேயே இது முக்கியமாகிறது. உண்மை நிலப்படம் பிழைபட்டால் மறு அளவை செய்து திருத்தலாம். ஃபேரூன் கண்டத்தை அளக்கச் செல்ல வழியில்லை. படைத்தவர் எழுத்துகளுக்கு அப்பால், கரையின் வளைவுக்குத் தாளே சாட்சி. பயிற்சிக்காக ஒரு தாளை ஒற்றி வரைந்தபோது, மடிப்புத் தழும்பு ஒன்றை நான் ஓடையாக வரைந்துவிட்டேன். அடுத்த தாளோடு பொருத்திப் பார்த்தபோதே பிழை புலப்பட்டது.

இது கண்டறியக்கூடிய பிழை. கருவியே நுழைக்கும் பாடம் அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபரில் நேர்கோட்டை நெளிவுகள் மிக்க பிராக்டல் கோடாக மாற்றும் கட்டளை உண்டு. சில புள்ளிகளில் ஒற்றிய கரை அக்கட்டளையால் நொடியில் நூறு சிறு குடாக்களைப் பெறுகிறது. கண்ணுக்கு அது மூலத்தைவிட நம்பகமாகத் தோன்றுகிறது. ஆயினும் அக்குடாக்களை வரைந்தவர் எவரும் இல்லை. இக்கட்டளையைப் பயன்படுத்துவதை நான் மறுக்கவில்லை. ஒற்றிய கோட்டை அழித்துவிட்டு அதனிடத்தில் பயன்படுத்துவதையே மறுக்கிறேன். இரண்டும் இரு அடுக்குகளில் இருக்க மென்பொருள் இடந்தருகிறது.

வருடிய கீழடுக்கு பதிப்புரிமை கருதியோ கோப்பின் அளவு கருதியோ வெளியீட்டுக்கு முன் நீக்கப்படுவது இயல்பு. அதன்பின் படிப்பவரிடம் எஞ்சுவது ஒற்றியவரின் முடிவுகள் மட்டுமே. எந்தத் தாள், எந்த ஆண்டு அச்சு, எந்த அளவு, எவ்வடுக்கு ஊகம் என்னும் நான்கு குறிப்புகளுக்குப் படத்தின் ஓரத்தில் ஒரு விரற்கடை இடம் போதும்.